தீப்பொறியும் பொது ஒழுங்கும்: லோகியா வழக்குகள் குறித்து

எதிர்க்கட்சித் தலைவர்கள் மீதான அடக்குமுறையை ஆராய்வோர் பெரும்பாலும் அவசரநிலைக் காலத்தையே (1975-77) எடுத்தாள்கின்றனர். அதற்கு முன்னரே தில்லி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ராம் மனோகர் லோகியாவின் இரு வழக்குகள் அத்துணைக் கவனம் பெறவில்லை.

உத்தரப் பிரதேச அரசு கால்வாய்ப் பாசனக் கட்டணத்தை உயர்த்தியபோது, அதனைச் செலுத்த வேண்டாம் என 1954இல் லோகியா பருக்காபாத்தில் உழவரிடையே பேசினார். 1932ஆம் ஆண்டுச் சிறப்பு அதிகாரச் சட்டத்தின் 3ஆம் பிரிவின்கீழ்க் கைதானார். காங்கிரசின் வரிகொடா இயக்கத்தை ஒடுக்க ஆங்கில ஆட்சியில் பிறந்த சட்டம் அது. விடுதலைக்குப் பின் காங்கிரசு அரசே அதனை எடுத்து வீசியது. அலகாபாத் உயர்நீதிமன்றம் அப்பிரிவு செல்லாதெனக் கூறி லோகியாவை விடுவித்தது. அரசு மேல்முறையீடு செய்தது.

வழக்கின் மையம் 'பொது ஒழுங்கு' என்னும் தொடர். அத்தொடர் அரசமைப்பின் 19(2)ஆம் உறுப்பில் நுழைந்ததற்குச் சென்னைக்கும் பங்குண்டு. சென்னை அரசு 'கிராஸ் ரோட்ஸ்' இதழுக்கு விதித்த தடையை 1950இல் உச்ச நீதிமன்றம் நீக்கியது. அடுத்த ஆண்டே முதல் திருத்தத்தின் வழி 'பொது ஒழுங்கு' சேர்க்கப்பட்டது. உடன் 'நியாயமான' என்னும் அடையும் வந்தது. அவ்வடையே பின்னர் குடிமக்களுக்குக் கேடயமாயிற்று.

வரி கொடாதே என ஒருவரைத் தூண்டுவதும் நாளடைவில் புரட்சியை மூட்டக்கூடிய தீப்பொறியே என்பது அரசின் வாதம். 1960 ஜனவரி 21இல் தீர்ப்புரைத்த நீதிபதி சுப்பாராவ் இதனை ஏற்கவில்லை. பேச்சுக்கும் ஒழுங்குக் குலைவுக்கும் நெருங்கிய தொடர்பு வேண்டும். தொலைவான கற்பனை போதாது என்றார். தீங்கற்ற பேச்சையும் இப்பிரிவு தண்டிக்கும் என்பதும் அவர் கருத்து. இதே உவமை 1989இல் 'ஒரே ஒரு கிராமத்திலே' என்ற தமிழ்த் திரைப்பட வழக்கில் வேறு வடிவில் மீண்டும் வந்தது. வெடிமருந்துப் பீப்பாயில் விழும் பொறி போன்ற உடனடித் தொடர்பு இருந்தாலன்றிப் பேச்சைத் தடுத்தலாகாது என்று நீதிமன்றம் கூறிப் படத்தை அனுமதித்தது.

இரண்டாம் வழக்கு 1965இல் எழுந்தது. அப்போது மக்களவை உறுப்பினராயிருந்த லோகியா பாட்னாவில் இந்தியப் பாதுகாப்பு விதிகளின்கீழ்த் தடுப்புக்காவலில் வைக்கப்பட்டார். விதி கூறியது 'பொது ஒழுங்கு'; ஆணை கூறியது 'சட்டம் ஒழுங்கு'. சொல் விளையாட்டாகத் தோன்றலாம். தனிமனித விடுதலை அவ்வேறுபாட்டில்தான் தங்கியிருந்தது. சட்டம் ஒழுங்கு பெருவட்டம், அதனுள் பொது ஒழுங்கு, அதனுள்ளும் நாட்டின் பாதுகாப்பு என நீதிபதி இதாயதுல்லா விளக்கினார். செப்டம்பர் 7இல், பாகிஸ்தானுடன் போர் நடந்துகொண்டிருந்த வேளையில், பெரும்பான்மைத் தீர்ப்பு லோகியாவை விடுவித்தது.

எனினும் இவ்வெற்றிகளை மிகைப்படுத்தலாகாது. லோகியாவின் தோழர் மது லிமாயி 144ஆம் பிரிவை எதிர்த்து வாதிட்டபோது, அதே இதாயதுல்லா தலைமையிலான ஏழு நீதிபதிகள் அமர்வு 1970இல் அப்பிரிவு செல்லும் என்றது. கூடுவதைத் தடைசெய்யும் அவ்வதிகாரம் 2024 ஜூலை முதல் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 163ஆம் பிரிவாக இடம்பெற்றுள்ளது.