கப்பல் நின்ற இடத்தில் கால்பந்து – லிவர்பூல் கதை

ஒரு நகரம் நொடித்துப் போனால் அதைத் தூக்கி நிறுத்த என்ன செய்வார்கள்? தொழிற்சாலை கட்டுவார்கள், சாலை போடுவார்கள். இங்கிலாந்தில் கால்பந்து மைதானம் கட்டுகிறார்கள்! அதுவும் தண்ணீருக்குள் மண்ணைக் கொட்டி. லிவர்பூலில் எவர்ட்டன் கிளப் கட்டிய புதிய மைதானத்தைப் பற்றித்தான் இந்தப் பதிவு. விளையாட்டுப் பதிவு என்று நினைத்து ஓடிவிடாதீர்கள், இது முழுக்க வரலாறு.

முதலில் அந்த இடத்தைப் பார்ப்போம். 19-ஆம் நூற்றாண்டில் லிவர்பூல் உலகத்தின் பெரிய துறைமுகங்களில் ஒன்று. மெர்சி நதியில் அலையேற்றமும் இறக்கமும் மிக அதிகம். எனவே மதகு வைத்த பெரிய தொட்டிகளைக் கட்டி, அதற்குள் கப்பலை நிறுத்திச் சரக்கு ஏற்றி இறக்கினார்கள். இந்தத் தொட்டிகளுக்குத்தான் டாக் என்று பெயர். ஜெஸ்ஸி ஹார்ட்லி என்ற பொறியாளர் கட்டிய 5 டாக்குகள் 1848 ஆகஸ்ட் 4 அன்று ஒரே நாளில் திறக்கப்பட்டன. அதில் ஒன்று பிராம்லி-மூர் டாக். நிலக்கரி ஏற்றுமதிக்குப் பேர் போன இடம். கருங்கல் சுவர் இன்றும் அசையாமல் நிற்கிறது.

பிறகு கன்டெய்னர் கப்பல்கள் வந்தன. பழைய டாக்குகள் அவற்றுக்குப் போதவில்லை. 1972-ல் நகரின் தெற்குப் பக்க டாக்குகள் மூடப்பட்டன. வேலை போயிற்று, ஆட்களும் போனார்கள். 1931-ல் எட்டரை லட்சம் பேர் இருந்த நகரத்தில் 2001-ல் சுமார் 4 லட்சத்து 40 ஆயிரம் பேர்தான். பாதிப்பேர் காணாமல் போன நகரம்! 1981-ல் டாக்ஸ்டெத் பகுதியில் கலவரம் வெடித்தபோது, இந்த நகரத்தை மெல்ல மெல்லக் கைவிட்டுவிடலாமா என்று தாட்சரின் நிதியமைச்சர் ஜெஃப்ரி ஹவ் யோசனை சொல்லியிருக்கிறார். 30 ஆண்டு கழித்து ரகசிய ஆவணங்கள் வெளியானபோதுதான் இது தெரிந்தது. லிவர்பூல்காரர்கள் இதை இன்னும் மறக்கவில்லை, மறக்கவும் மாட்டார்கள்.

இந்தப் பின்னணியில்தான் மைதானத்தைப் பார்க்க வேண்டும். எவர்ட்டன் 1892 முதல் குடிசன் பார்க்கில் ஆடிவந்தது. (பெயரைப் பார்த்துக் குடிசை என்று நினைக்க வேண்டாம், 1966 உலகக் கோப்பை அரையிறுதி நடந்த இடம்.) அதற்கு முன் அவர்கள் ஆடியது எங்கே தெரியுமா? ஆன்ஃபீல்டில்! வாடகைத் தகராறில் வெளியேறினார்கள், காலியான மைதானத்துக்காகப் பிறந்ததுதான் லிவர்பூல் கிளப். நூறு வருடம் கழித்து குடிசன் பழசாகிவிட்டது. நான்கு பக்கமும் வீடுகள், விரிவாக்க இடமில்லை. கிங்ஸ் டாக்கில் கட்டும் திட்டம் 2003-ல் பணமில்லாமல் கைவிடப்பட்டது. கர்க்பி திட்டத்தை 2009-ல் அரசே நிராகரித்தது. கடைசியாகத்தான் பிராம்லி-மூர்.

2021 பிப்ரவரியில் நகர மன்றம் அனுமதி கொடுத்தது. அதே ஆண்டு ஜூலையில் யுனெஸ்கோ, 2004-ல் லிவர்பூல் துறைமுகத்துக்குக் கொடுத்த உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற தகுதியைப் பறித்தது. ஓமானின் மான் சரணாலயம், ஜெர்மனியின் டிரெஸ்டனுக்குப் பிறகு இப்படிப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது உலகில் இது மூன்றாவது. மைதானம் மட்டும் காரணமல்ல, கரையோரம் முழுக்கக் கட்டடம் எழுப்பும் லிவர்பூல் வாட்டர்ஸ் திட்டத்தால் 2012 முதலே அபாயப் பட்டியலில் இருந்தது. ஆனாலும் டாக்கை மணலால் நிரப்புவது என்பது சும்மா இல்லை. ஹார்ட்லியின் சுவர்கள் மண்ணுக்கடியில் பத்திரமாக இருக்கின்றன, பழைய நீர்விசைக் கோபுரத்தைச் சீர்செய்திருக்கிறார்கள். ஆனால் தண்ணீர் இல்லாத டாக் டாக்கா?

என்னைக் கேட்டால், யாரும் எட்டிப் பார்க்காத மதிலுக்குள் பூட்டிக் கிடந்த தண்ணீரை விட, 52 ஆயிரம் பேர் நடந்து போகும் இடம் மேல் என்றே சொல்வேன். பட்டியலில் பெயர் இருந்ததால் அந்த வடகரைக்கு வேலை வந்ததா? இல்லையே.

அதற்காக மைதானம் வந்தால் நகரமே மாறிவிடும் என்பதையும் நம்ப முடியவில்லை. 130 கோடி பவுண்டு லாபம், 15 ஆயிரம் வேலை என்றெல்லாம் கிளப் கணக்குச் சொன்னது. ஒரு சின்னக் கணக்கு நாமும் போடுவோம். லீகில் சொந்த மைதானத்தில் ஆண்டுக்கு 19 ஆட்டம். கோப்பை ஆட்டங்கள், இசை நிகழ்ச்சிகள் சேர்த்தாலும் முந்நூறு நாளுக்கு மேல் கூட்டம் இருக்காது. பக்கத்தில் உதாரணமே இருக்கிறது. மிடில்ஸ்பரோவில் 1995-ல் டீஸ் நதிக்கரையில், பழைய டாக் பக்கத்திலேயே ரிவர்சைட் மைதானம் திறந்தார்கள். சுற்றிலும் வெறும் பொட்டல். கல்லூரி வர 2008 ஆயிற்று, அனிஷ் கபூரின் பிரம்மாண்டச் சிற்பம் வர 2010. அப்புறமும் காலி மனைகள் பல இருந்தன. மைதானம் மட்டும் தனியாக நின்று ஒன்றும் செய்யாது. பக்கத்தில் குடியிருப்பு, வேலை, ரயில் எல்லாம் சேர வேண்டும்.

லிவர்பூலுக்கு இதில் கொஞ்சம் அதிர்ஷ்டம் உண்டு. ஸ்டான்லி டாக்கில் பழைய கிடங்கு ஒன்று 2014-லேயே ஹோட்டலாகிவிட்டது, எதிரே இருந்த மாபெரும் புகையிலைக் கிடங்கு குடியிருப்பாக மாறிவருகிறது. ஆனால் ஆட்ட நாட்களில் கார் நிறுத்தத் தடை வந்ததும் முதலில் கத்தியது யார்? அந்தத் தெருக்களில் பட்டறையும் கடையும் வைத்திருக்கும் சிறு வியாபாரிகள்தான்.

2025 மே 18 அன்று எவர்ட்டன் ஆண்கள் அணி குடிசனில் கடைசியாக ஆடியது. ஆகஸ்ட் 24 அன்று புதிய மைதானத்தில் முதல் லீக் ஆட்டம், பிரைட்டனை 2-0 என்று வென்றார்கள். ஆற்றங்கரைக்கு வந்த கூட்டம் வால்டன் தெருக்களை விட்டுப் போன கூட்டம்தானே? அங்கே சிப்ஸ் கடையும் மதுக்கடையும் நூறு வருடமாக ஆட்ட நாளை நம்பியே பிழைத்தவை. முதலில் குடிசனை இடித்துவிடத்தான் திட்டம். கடைசி நேரத்தில் மனம் மாறி, பெண்கள் அணிக்குக் கொடுத்துவிட்டார்கள். 2025 செப்டம்பரிலிருந்து அவர்கள் அங்கே ஆடுகிறார்கள். அரங்கின் மூலையில் ஒட்டிக்கொண்டு நிற்கும் செயின்ட் லூக் தேவாலயத்துக்கும் இன்னும் ஆட்ட நாள் உண்டு, கூட்டம்தான் முன்பு போல இல்லை.