உடப்புசல்லாவைப் பங்கும் 2000ஆம் ஆண்டின் அச்சமும்

1999ஆம் ஆண்டின் பிற்பகுதியில் உலகெங்கும் பங்கு வைத்திருந்தோரை ஒரு கேள்வி வாட்டியது. ஆண்டைக் கடைசி இரண்டு இலக்கங்களால் மட்டும் குறித்துப் பழகிய கணினிகள், 99க்குப் பின் வரும் 00ஐ 1900 என்று கொண்டுவிட்டால் வங்கிக் கணக்கும் வட்டியும் பங்குப் பதிவும் என்னவாகும்? இப்போதே விற்றுப் பணமாக்கிக்கொள்வதா, பொறுத்திருப்பதா? அமெரிக்காவில் ஊழியர்களுக்குக் கொடுக்கப்பட்ட 'ஸ்டொக் ஒப்ஷன்' எனும் விருப்புரிமையை, அதாவது குறித்த விலையில் பின்னொரு நாளில் பங்கை வாங்கும் உரிமையை, வைத்திருந்தோர்க்கு இக்கேள்வி இன்னும் கூர்மையானது.

இலங்கையிலும் இந்தக் கவலைக்கு இடமிருந்தது. கொழும்புப் பங்குச் சந்தையில் மத்திய வைப்பு முறை 1991இலும் கணினிவழிக் கொடுக்கல் வாங்கல் 1997இலும் வந்துவிட்டன. அந்தச் சந்தைக்கு வந்த பங்குகளுள் ஒன்று உடப்புசல்லாவையின் பெயரையே தாங்கியிருந்தது. நுவரெலியாவிலிருந்து கந்தப்பளை, இராகலை வழியாகச் செல்லும் அந்த மலைப்பகுதியின் பெயர் கொழும்புக் கோட்டையின் விலைப் பட்டியலில் இடம்பெற்ற கதையைச் சற்று விரிவாகவே பார்க்கவேண்டும்.

1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. நட்டம் பெருகவே, 1992இல் அவற்றை 20க்கும் மேற்பட்ட பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளாகப் பிரித்து, நிருவாகத்தை மட்டும் தனியாரிடம் ஒப்படைத்தார்கள். 1995 முதல் பங்குகளும் விற்பனைக்கு வந்தன. 51 வீதம் நிருவகிக்கும் தரப்புக்கு. 20 வீதம் பங்குச் சந்தை மூலம் பொதுமக்களுக்கு. 19 வீதம் அரசின் கையில். எஞ்சிய 10 வீதம் தோட்ட ஊழியருக்கு இலவசமாக என்பதே பொது ஏற்பாடு. உடப்புசல்லாவைப் பெருந்தோட்டக் கம்பனி ஜேம்ஸ் பின்லே நிறுவனத்தின் நிருவாகத்தில் இருந்தது.

காலையில் பெரட்டுக் களத்தில் நின்று, கூடையோடு மலையேறிக் கொழுந்து பறித்த பெண் இவ்வாறு கம்பனியின் பங்காளியானாள்! காகிதத்தில் இது புரட்சிதான். ஆனால், பங்கை விற்பதற்கோ வைத்திருப்பதற்கோ தேவையான தரகரும் சந்தையும் கோட்டையில். பங்குச் சந்தையின் மொழியோ ஆங்கிலம். தேசிய அடையாள அட்டைகூட இல்லாதோர் தோட்டங்களில் பலர். குடியுரிமையின்றி எஞ்சியிருந்த மலையகத் தமிழருக்கு அதனை வழங்கிய சட்டம் வந்ததே 2003இல்தான். நாட்டின் பிரஜையாகும் முன்பே கம்பனியின் பங்காளியாகும் விந்தை வேறெங்கு நிகழும்?

இதே காலத்தில், ஊழியருக்குப் பங்கு கொடுக்கும் திட்டத்தை 1994இல் தொடங்கியிருந்த இன்போசிஸ், 1999 மார்ச்சில் அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் இடம்பிடித்தது. இந்தியக் கணினி நிறுவனங்களுக்கு அப்போது கிடைத்த வேலையில் கணிசமான பகுதி இந்த 2000ஆம் ஆண்டுக் கோளாற்றைச் சரிசெய்வதுதான். ஒருவரின் அச்சம் மற்றவரின் வருமானம். அங்கிருந்த பொறியாளருக்குப் பங்கோடு கணக்குப் பார்க்கும் அறிவும் காத்திருக்கும் வசதியும் இருந்தன. தேயிலைத் தொழிலாளிக்குத் தரப்பட்டது காகிதம் மட்டுமே.

தேயிலைப் பங்கின் விலையை ஆட்டியது கணினியா? இல்லை. 1998 ஆகஸ்ட் 17இல் ரஷ்யா தன் ரூபிளின் மதிப்பைக் குறைத்தது. இலங்கைத் தேயிலையின் முதன்மையான வாடிக்கையாளரின் கையில் பணமில்லை என்றானதும் கொழும்பு ஏலத்தில் விலை சரிந்து, 1999இலும் தாழ்ந்தே கிடந்தது. கோட்டைப் பகுதியோ 1996இல் மத்திய வங்கிக் குண்டுவெடிப்பையும் 1997இல் உலக வர்த்தக மையத்தருகே இன்னொன்றையும் கண்டிருந்தது. 1999 அக்டோபர் 30இல் சௌமியமூர்த்தி தொண்டமான் மறைந்தார். சம்பளப் பேச்சில் அரை நூற்றாண்டாகத் தங்களுக்காக வாதாடிய தலைவரை மலையகம் இழந்தது. நவம்பரில் வன்னிப் போர்முனை சரிந்தது. டிசம்பர் 18இல், தேர்தலுக்கு மூன்று நாட்களுக்கு முன், ஜனாதிபதி சந்திரிகா குண்டுத் தாக்குதலில் காயமுற்றார். முதலீட்டாளன் கவலைப்பட இத்தனை இருக்க, கணினியின் இரண்டு பூச்சியங்கள் கடைசி வரிசையில்தான் நின்றிருக்கவேண்டும். ஆயினும் அச்சங்களில் அதற்கு மட்டுமே திட்டமான நாளும் நேரமும் இருந்தன. செய்தி ஆசிரியர்களுக்கும் அத்தகைய அச்சமே பிடிக்கும்.

இலங்கையின் கடிகாரம் அந்நாளில் இந்தியாவைவிட அரை மணி நேரம் முந்தியிருந்தது. 1996இல் ஒரே ஆண்டில் இருமுறை நேரத்தை மாற்றிய தேசம் அல்லவா! எனவே புத்தாண்டும் இங்கு முந்தியே பிறந்தது. 2000 ஜனவரி 1 ஒரு சனிக்கிழமை. உலகில் எங்கும் பெருஞ்சேதம் நேரவில்லை. உண்மையான அடி பின்னர், கணினியின் தேதியோடு தொடர்பின்றியே வந்தது. மார்ச் 10இல் உச்சம் தொட்ட நாஸ்டாக் சரியத் தொடங்கியதும் விருப்புரிமைகள் பலவும் வெறுங்காகிதமாயின.

உடப்புசல்லாவைக் கம்பனி 2020களின் தொடக்கத்தில் பின்லேயிடமிருந்து பிரவுண்ஸ் குழுமத்திடம் கைமாறியது. இக்கம்பனிகளின் பங்கு எதற்கான பங்கு என்பதையும் வாசகர்கள் கவனிக்கவேண்டும். மலையும் லயன் காம்பராக்கள் நிற்கும் நிலமும் கம்பனிகளுக்குச் சொந்தமல்ல. 53 ஆண்டுக் குத்தகையில் பெற்றவை. அக்குத்தகை 2045இல் முடிகிறது.