ஸ்கேன் நார்மல், ஆனா தலைவலி ஏன்?

1/ குத்தாலம் பக்கம் புள்ள கீழ விழுந்து தலையில அடிபட்டா முதல் கேள்வி: "ஸ்கேன் எடுக்கணுமா டாக்டர்?" இதுக்குப் பின்னாடி ஒரு வரலாறு இருக்குங்க.

2/ நம்ம சீர்காழியில் 1922-ல் பிறந்தவர் டாக்டர் பா. ராமமூர்த்தி. 1950-ல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் மூளை, நரம்பு அறுவை சிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார். அப்போ சிடி ஸ்கேனே கிடையாது. நினைவு, கண்மணி, வாந்தி, கைகால் அசைவு... இதையெல்லாம் திரும்பத் திரும்பப் பார்த்துத்தான் முடிவு.

3/ லண்டனில் 1971-ல் முதல் நோயாளிக்கு சிடி ஸ்கேன் எடுத்தாங்க. ரத்தக்கசிவு கண்ணுக்குத் தெரிஞ்சது. ஆனா மூளை குலுங்குறதால வர்ற 'கன்கஷன்' இன்னைக்கும் அதுல தெரியாது. ஸ்கேன் நார்மலா இருந்தாலும் புள்ளையோட தலைவலி, எரிச்சல், மறதி நிஜம். நடிப்பு இல்லை.

4/ 2006, அமெரிக்கா. அடிபட்ட 13 வயசுப் பையன் அதே ஆட்டத்தில் மறுபடி இறங்கினான். மூளையில் ரத்தக்கசிவு. பிழைத்தான், ஆனா நிரந்தர பாதிப்பு. 2009-ல் வாஷிங்டன் மாநிலத்தில் 'லிஸ்டெட் சட்டம்' வந்தது: சந்தேகம் இருந்தாலே ஆட்டத்தை நிறுத்தணும், மருத்துவ அனுமதி இல்லாம திரும்ப இறங்கக் கூடாது.

5/ முன்னெல்லாம் இருட்டறையில் நாள் கணக்கா படுக்க வைப்பாங்க. இப்போ அப்படியில்லை. முதல் 24–48 மணி நேரம் ஓய்வு, செல்போன் குறைவு. பிறகு நடை, அப்புறம் பள்ளி, கடைசியா விளையாட்டு. பெரும்பாலான பிள்ளைகள் 4 வாரத்துக்குள்ள தேறிடுவாங்க.

6/ திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கிட்டே போற தலைவலி, வலிப்பு, எழுப்பினா எழுந்திரிக்காத தூக்கம், காது மூக்கில் நீரோ ரத்தமோ: எதைப் பார்த்தாலும் காத்திருக்காதீங்க, 108-ஐக் கூப்பிடுங்க. ராமமூர்த்தி காலத்து மருத்துவர்கள் வார்டில் பார்த்த அதே அறிகுறிகளை, முதல் ரெண்டு நாள் வீட்டுல பார்க்க வேண்டியது நீங்கதான்.