ஊர் எல்லையாய் ஓடிய பிராங்கின் கால்வாய்

தமிழகத்துச் சிற்றூர்களில் ஊரின் எல்லை எதுவெனக் கேட்டால் ஓர் ஓடையையோ, ஏரிக்கரையையோ, அதன் அருகே கோயில் கொண்டிருக்கும் காவல் தெய்வத்தையோ காட்டுவது வழக்கம். கடல் கடந்து வந்து நம் முன்னோர் குடியேறிய பினாங்கு ஜார்ஜ் டவுன் நகருக்கும் அத்தகைய நீரெல்லை ஒன்று இருந்தது. பிராங்கின் கால்வாய் என்பது அதன் பெயர். இன்றைய தலைமுறையினரில் பலர் அதைச் சாலையின் பெயராக மட்டுமே அறிவர்.

1786ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள் பிரான்சிஸ் லைட் இத்தீவில் பிரிட்டிஷ் கொடியை ஏற்றினார். அவர் காலத்தில் வகுக்கப்பட்ட நகரம் மிகச் சிறியது. லைட் வீதி, பீச் வீதி, சூலியா வீதி, பிட் வீதி ஆகிய நான்குக்குள் அது அடங்கிவிடும். சோழமண்டலக் கடற்கரையிலிருந்து வந்த சூலியர் ஏறத்தாழ ஆயிரவர் இங்கு வாழ்ந்தனர் என 1794இல் லைட் எழுதினார். ஆண்டுதோறும் கப்பலில் வந்து, சில மாதம் உழைத்துப் பொருளீட்டித் திரும்பியவர் தொகை அதனினும் மிகுதி. 1833இல் எழுந்த குவீன் வீதி அருள்மிகு மகாமாரியம்மன் திருக்கோயிலும், அதற்கு முன்பே தோன்றிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும் அம்மக்கள் இந்நகரில் நிலைபெற்றதற்குச் சான்றாக நிற்கின்றன.

இச்சிறு நகரின் தெற்கே கடல்நீர் ஏறி இறங்கும் சதுப்பு நிலம் பரந்திருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கிருந்த நீரோட்டம் கால்வாயாகச் சீராக்கப்பட்டது. அதற்கப்பால் நகரில்லை என்பதே அக்கால நிலைமை. ஹொக்கியன் மொழி பேசும் சீனர் இவ்விடத்தைச் ‘சியா போய்’ என்றழைத்தனர். ‘ஊரின் கடைக்கோடி’ என்பது அதன் பொருள்.

நல்ல சாலைகள் இல்லாத அக்காலத்தில் நீர்வழியே வணிக வழியாகும். நம் சென்னையிலும் ஏறத்தாழ அதே காலத்தில், 1806இல், எண்ணூர் நோக்கிக் காக்ரேன் கால்வாய் வெட்டும் பணி தொடங்கிற்று என்பதை இங்கு ஒப்புநோக்கலாம். பிராங்கின் கால்வாயில் கடல் ஏற்றத்தின்போது படகுகள் உள்ளே வரும். வற்றத்தின்போது சேறு தெரியும். படகோட்டியின் நாளைக் கடிகாரம் வகுக்கவில்லை, கடலே வகுத்தது. அக்கரையில் வந்திறங்கிய காய்கறியும் மீனும் சந்தை ஒன்றை வளர்த்தன. பிராங்கின் சந்தை எனப் புகழ்பெற்றது அதுவே.

கடற்கரையை நோக்கிச் செல்லும் பினாங்குத் தெருக்களின் முனைப்பகுதிகள் ‘காட்’ என்னும் பெயர் தாங்கியிருப்பதை அன்பர்கள் கவனித்திருக்கலாம். அது காசியின் கங்கைக்கரைப் படித்துறைகளைக் குறிக்கும் அதே இந்தியச் சொல். கடல் தூர்க்கப்பட்டுத் துறைகள் மறைந்த பின்னும் சொல் மறையவில்லை. ‘காட் ஜாலான் பிராங்கின்’ என்ற பெயர்ப்பலகை, தண்ணீர் வந்து தொட்ட இடத்தை இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

ஆனால் கால்வாயின் நீர் பருகுவதற்கு உரியதன்று. குடிநீர் வேறு திசையிலிருந்து, மேற்கு மலையருவியிலிருந்து வந்தது. அவ்வருவியை ஒட்டிய இடமே நம்மவர் வாயில் தண்ணீர்மலையாயிற்று. 1857இல் நகரத்தார் அங்குக் கோயில் எழுப்பினர். 1894 முதல் அவர்களுடைய வெள்ளித் தேர் தைப்பூசத்தின்போது பினாங்கு வீதியிலுள்ள கோயில் வீட்டிலிருந்து அந்த மலையடிவாரம் நோக்கிச் சென்று வருகிறது. மலையிலிருந்து தூய நீர் ஊருக்குள் வந்தது. ஊரின் அழுக்கு நீர் கால்வாய் வழியே கடலுக்குப் போயிற்று. முதல் நீரை வணங்கினோம், இரண்டாவதை மறந்தோம்.

மறதிக்குக் காரணமும் உண்டு. நகரம் கால்வாயைத் தாண்டித் தெற்கேயும் மேற்கேயும் பரவியது. சாலைகளும் லாரிகளும் வந்தபின் படகுக்கு வேலையில்லை. போக்குவரத்து நின்ற நீரில் சேறும் குப்பையும் சேர்ந்தன, நாற்றம் மிகுந்தது. சிறிது சிறிதாகக் கால்வாய் மூடப்பட்டது. 1974இல் தொடங்கப்பட்ட கொம்தார் திட்டத்தால் அப்பகுதியின் தோற்றமே மாறிற்று. பழைய தெருக்கள் அழிந்த இடத்தில் 65 மாடிக் கோபுரம் எழுந்தது. 2001இல் அருகே பிராங்கின் மால் என்னும் பேரங்காடி திறக்கப்பட்டது. 2004இல் பழைய சந்தையின் வணிகர்களும் வேறிடம் மாற்றப்பட்டனர். கால்வாயால் பிறந்த சந்தையும் இவ்வாறு கால்வாயின் வழியே சென்றது.

இதில் ஒரு வியப்பு உண்டு. 2008 ஜூலையில் யுனெஸ்கோ ஜார்ஜ் டவுனை மலாக்காவுடன் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அப்போது பாரம்பரியப் பகுதியைச் சூழ்ந்த காப்பு வட்டத்திற்குத் தென்மேற்கு மூலையில் எல்லையாகக் குறிக்கப்பட்டது பிராங்கின் சாலையே. கண்ணுக்குத் தெரியாத கால்வாய் ஏட்டில் மீண்டும் ஊரின் எல்லையாயிற்று.

அடுத்து மண்ணும் வாய் திறந்தது. 2015இல் பழைய சந்தை வளாகத்தில் நடைபெற்ற அகழாய்வில் கால்வாயின் கற்சுவர்களும் பழைய கட்டடங்களின் அடித்தளங்களும் வெளிப்பட்டன. புதிய கட்டுமானங்களுக்கெனக் கருதப்பட்டிருந்த அந்நிலம் பின்னர்ப் பூங்காவாக மாற்றப்பட்டது. கால்வாயின் ஒரு பகுதி தூர்வாரித் தூய்மை செய்யப்பட்டு, 2019இல் ‘சியா போய் நகரத் தொல்லியல் பூங்கா’ பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது.

தைப்பூசத்திற்கு வெளியூரிலிருந்து வந்து கொம்தார் நிலையத்தில் பேருந்து மாறும் அன்பர்கள் சற்றே நடந்தால் அதைக் காணலாம். மிக நீளமானதன்று. இரு கற்கரைகளுக்கு இடையே, ஒரு காலத்தில் படகுகள் கடலேற்றத்திற்காகக் காத்துக் கிடந்த இடத்தில், தண்ணீர் தேங்கி நிற்கிறது.