நீர் புகாத கலமும் 'துஸுர்' என்னும் சொல்லும்

நூஹ் (அலை) அவர்களின் கலத்தைப் பலகைகளும் 'துஸுரும்' உடையதெனத் திருக்குர்ஆன் (54:13) குறிக்கின்றது. விரிவுரையாளருள் பெரும்பாலோர் இச்சொல்லுக்கு ஆணிகள் எனப் பொருள் கண்டனர். பலகைகளைப் பிணைக்கும் நார் என்றுரைத்தோரும் உளர். ஆணியறைந்த மரக்கலங்களையே கண்டு பழகிய நமக்கு இரண்டாம் பொருள் வியப்பளிக்கலாம். ஆயின் இந்துமாக்கடலின் கப்பற்கலை அதற்குத் துணைநிற்கின்றது.

ஹிஜ்ரி 579இல் (கி.பி. 1183) செங்கடல் துறையான ஐதாபை அடைந்த அந்தலூசியப் பயணி இப்னு ஜுபைர், அங்கு ஆணியே இல்லாத கலங்களைக் கண்டார். பலகைகளைத் தென்னைநார்க் கயிற்றால் தைத்து, இடுக்குகளில் பேரீச்சங்குச்சிகளைச் செருகினர். அக்குச்சிகளை அவர் சுட்டுவதும் 'துஸுர்' என்னும் இதே சொல்லால்தான். பின்னர் நெய், ஆமணக்கெண்ணெய், சுறா எண்ணெய் ஆகியவற்றுள் ஒன்றைப் பூசினர். சுறா எண்ணெயே சிறந்தது என்கிறார். மரமும் நாரும் இந்தியாவிலிருந்தும் யமனிலிருந்தும் சென்றவை.

சுமார் ஒரு நூற்றாண்டுக்குப் பின் ஹுர்முஸில் இத்தகைய கலங்களைக் கண்ட மார்க்கோ போலோ, அவை கீலின்றி மீனெண்ணெய் பூசப்பட்டதைக் குறித்து, மிக மட்டமானவை என மதிப்பிட்டார். இப்னு ஜுபைரோ காரணத்தையும் பதிவு செய்தார்: அக்கடலில் பாறைத்திட்டுகள் மிகுதி, எண்ணெய் மரத்தை நெகிழச் செய்யும். இறுகியது உடையுமிடத்தில் நெகிழ்ந்தது பிழைக்கும் என்பதே அத்தேர்வின் அடிப்படை.

தமிழில் இடுக்கடைக்கும் தொழிலைக் குறிக்கும் 'கலப்பற்று' என்னும் சொல், அரபியின் 'கல்ஃபத' என்பதோடு ஒலியிலும் பொருளிலும் நெருங்கி நிற்பது குறிப்பிடத்தக்கது. 'துஸுர்' என்பதற்கு மாணவர்க்குப் பொருளுரைக்கும்போது, அகராதியோடு கலம் தைத்த கைகளையும் நாம் நினைவுகூர்தல் தகும்.