வெட்டுப்பட்ட காட்ஸில்லா

எண்பதுகளில் வீடியோ கேசட்டை வாடகைக்கு எடுத்து, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் கூட்டி வைத்துப் படம் பார்த்தவர்களில் நானும் ஒருவன். அப்படிப் பார்த்ததுதான் 'காட்ஸில்லா'. ரப்பர் உடை போட்ட பல்லி டோக்கியோவை மிதிக்கிறது, ஒரு அமெரிக்க நிருபர் பைப் புகைத்தபடி கதை சொல்கிறார். சிரித்துவிட்டுக் கேசட்டைத் திருப்பிக் கொடுத்தோம். நான் பார்த்தது அந்தப் படமே இல்லை என்று தெரிய இருபது வருடங்களுக்கு மேல் ஆயிற்று.

அசல் படத்தின் பெயர் 'கொஜிரா'. 1954 நவம்பர் 3-ஆம் தேதி ஜப்பானில் வெளியானது. அந்த வருடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மார்ச் 1-ஆம் தேதி பிகினி தீவில் அமெரிக்கா ஒரு ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தது. ஹிரோஷிமா குண்டைப் போல ஆயிரம் மடங்கு பலம். ஆபத்து எல்லை என்று அறிவித்திருந்த இடத்துக்கு வெளியே ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகு இருந்தது. 'அதிர்ஷ்ட நாகம்' என்று பெயர். அதிலிருந்த 23 பேர் மேலும் வெள்ளைச் சாம்பல் பனிபோல விழுந்தது. வயர்லெஸ் ஆபரேட்டர் ஐகிச்சி குபோயாமா செப்டம்பரில் இறந்தார். ஜப்பானில் சூரை மீன் வாங்கவே ஜனங்கள் பயந்தார்கள்.

படம் அந்த வருடத்திலேயே, அந்தப் பயத்திலேயே எடுக்கப்பட்டது. கடலில் போகும் ஒரு கப்பல் திடீர் வெளிச்சத்தில் எரிவதில்தான் கதை தொடங்குகிறது. இயக்குநர் இஷிரோ ஹோண்டா போரில் சீனாவில் இருந்தவர். கைதியாக இருந்து ஊர் திரும்பும் வழியில் ஹிரோஷிமாவின் சாம்பலைப் பார்த்தவர். ரயிலில் போகிற ஒரு பெண், நாகசாகியில் தப்பிப் பிழைத்தேன், இப்போது இது வேறு என்று அலுத்துக்கொள்கிறாள். சினிமா வசனம் போலவே இல்லை, நம் ஊர் பஸ்ஸில் விலைவாசியைப் பற்றிப் பேசுகிற மாதிரி இருக்கிறது. கடைசியில் கிழ விஞ்ஞானி யமானே, அணுச்சோதனை தொடர்ந்தால் இன்னொரு கொஜிரா எங்காவது வரும் என்று சொல்லி முடிக்கிறார்.

அமெரிக்க வினியோகஸ்தர்கள் இந்தப் படத்தை 25,000 டாலருக்கு வாங்கினார்கள். இப்படியே போட்டால் ஓடாது என்று நினைத்தார்கள். ரேமண்ட் பர்ர் என்ற நடிகரை வைத்துத் தனியாகக் காட்சிகள் எடுத்து நடுநடுவே ஒட்டினார்கள். (நம்மில் பலர் பித்துப் பிடித்துப் படித்த பெர்ரி மேசன் நாவல்கள் டி.வி. தொடராக வந்தபோது வக்கீலாக நடித்தாரே, அவர்தான்.) ஜப்பானிய நடிகர்கள் பக்கத்தில் இல்லையே, என்ன செய்வது? அவர்களைப் போல உடை போட்ட ஆட்களை முதுகு தெரிய நிற்க வைத்து, அவர்களோடு பர்ர் பேசுவதுபோலப் படம் பிடித்தார்கள். கெட்டிக்காரத்தனமான வேலை, மறுக்க முடியாது.

ஆனால் 96 நிமிடப் படம் 80 நிமிடமாகிவிட்டது. அதிலும் சுமார் இருபது நிமிடம் புதிதாக எடுத்தது. அசலில் இருந்து போனது அரைமணிக்கும் மேல். ஹைட்ரஜன் குண்டு என்ற வார்த்தை போகிற போக்கில் வரும், அவ்வளவுதான். நாகசாகிப் பெண் போய்விட்டாள். யமானேயின் எச்சரிக்கையும் போய்விட்டது. அதற்குப் பதிலாக, உலகம் இனி நிம்மதியாக வாழலாம் என்று நிருபர் முடித்து வைக்கிறார். குண்டு போட்ட தேசத்துக்கு இது சௌகரியமான முடிவு. 1956-இல் வெளியாகி நல்ல வசூல். அடுத்த வருடம் இந்த அமெரிக்க வடிவம் ஜப்பானுக்கே போய் அங்கும் ஓடியது!

வினியோகஸ்தர்களை முழுக்கத் திட்டவும் எனக்கு மனம் வரவில்லை. போர் முடிந்து பதினோரு வருடம்தான் ஆகியிருந்தது. அவர்கள் வெட்டி ஒட்டியிருக்காவிட்டால் காட்ஸில்லா என்ற பெயரே உலகத்துக்குத் தெரியாமல் போயிருக்கலாம்.

ஆனால் வெட்டுவது பழக்கமாகிவிட்டது. அதே 1954-இல் வந்த குரோசாவாவின் 'ஏழு சாமுராய்' 207 நிமிடம். வெளிநாடுகளில் பல வருடம் ஓடியது முக்கால் மணி நேரத்துக்கு மேல் குறைக்கப்பட்ட பிரதி. மியாசாகியின் 'நௌசிகா' என்ற கார்ட்டூன் படத்துக்கு 1985-இல் அமெரிக்காவில் இன்னும் மோசமாக நடந்தது. இருபது நிமிடத்துக்கு மேல் வெட்டி, கதாநாயகியின் பெயரையே மாற்றி, கேசட் உறையில் படத்தில் இல்லாத ஆட்களையெல்லாம் வரைந்து விற்றார்கள். மியாசாகியின் ஸ்டூடியோ அதை மறக்கவில்லை. 'இளவரசி மோனோனோகே' அமெரிக்கா போனபோது, அங்குள்ள வினியோகஸ்தருக்கு ஒரு சாமுராய் வாளை அனுப்பி, 'வெட்டக் கூடாது' என்று சொல்லிவிட்டார்கள். அனுப்பியது தாம் அல்ல, தம் தயாரிப்பாளர் என்று மியாசாகி பின்னால் சொன்னார். படம் வெட்டுப்படாமலே வந்தது. முழு 'நௌசிகா' 2005-இல்தான் அங்கே டிவிடியாகக் கிடைத்தது.

வெட்டிய படத்தை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது வீடியோ கேசட். அசலைத் திருப்பிக் கொடுத்ததும் அதே வியாபாரத்தின் அடுத்த அவதாரம்தான். டிவிடியில் இடம் நிறைய, சப்டைட்டில் வேண்டுமானால் போட்டுக்கொள்ளலாம், வேண்டாவிட்டால் நிறுத்திக்கொள்ளலாம். அசல் 'கொஜிரா' 2004-இல், ஐம்பது வருடம் கழித்து, அமெரிக்கத் தியேட்டர்களில் முறையாக வெளியானது. 2006-இல் இரண்டு வடிவங்களையும் சேர்த்து டிவிடி போட்டார்கள்.

மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது அந்த டிவிடியை மாப்பிள்ளை வைத்திருந்தார். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தேன். அந்த ரயில் பெண் வரும் காட்சியைப் பின்னால் ஓட்டி இன்னொரு தடவை போட்டேன். ஒரு நிமிடம்கூட இருக்காது. 'என்ன மாமா, எதையாவது விட்டுட்டீங்களா?' என்று மாப்பிள்ளை கேட்டார். ஆமாம் என்றேன்.

ஹோண்டா 1993-இல் காலமானார்.