நீதிபதியை நியமிப்பவர் யார்?

திண்டிவனத்திலோ விழுப்புரத்திலோ நிலத் தகராறு ஒன்றிற்காக நீதிமன்றப் படியேறும் உழவர், ஆசனத்தில் அமர்ந்திருக்கும் நீதிபதியை நியமித்தவர் யாரென்று கேட்பதில்லை. வழக்கு நேர்மையாக விசாரிக்கப்படுமா என்பதே அவர் கவலை. ஆயினும் இவ்விரு வினாக்களும் தொடர்புடையவை. அவ்வழக்கு மேன்முறையீட்டில் படிப்படியாக ஏறி உச்ச நீதிமன்றத்தை அடையுமானால், அங்கே அமரும் நீதிபதியைத் தேர்வதில் மக்கள் பிரதிநிதிகளுக்குப் பங்கு உண்டா?

1949 மே 24-ஆம் நாள் அரசியல் நிர்ணய சபை இதனை ஆராய்ந்தது. திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரைச் சேர்ந்த ராமசாமி ரெட்டியார் அச்சபையில் உறுப்பினராக இருந்தவர். அவ்வாண்டு ஏப்ரலில்தான் அவர் சென்னை மாகாணப் பிரதமர் பதவியினின்று விலகியிருந்தார். முதலமைச்சரை அந்நாளில் அப்படித்தான் அழைத்தனர். நிர்வாகத்தில் கட்சிக்காரர் தலையீட்டைப் பொறாதவர் என்று பெயர் பெற்றவர் அவர். சபையில் அன்று எழுந்த வாதமும் அத்தகைய தலையீட்டைப் பற்றியதே.

ராஜ்ய சபையைக் கலந்தே நீதிபதிகளை நியமிக்க வேண்டும் எனப் பேராசிரியர் கே. டி. ஷா ஒரு திருத்தம் கொண்டுவந்தார். அமெரிக்காவில் செனட் சபையின் இசைவின்றி அத்தகைய நியமனம் நிலைபெறாது. 1795-இல் தலைமை நீதிபதியாகப் பணியாற்றிக்கொண்டிருந்த ஜான் ரட்லெட்ஜையே அச்சபை 14-க்கு 10 என்ற வாக்குகளால் நிராகரித்தது. இங்கிலாந்துடன் செய்த உடன்படிக்கையை அவர் பொதுமேடையில் கண்டித்ததே பெருங்காரணம். அவருடைய சட்டப் புலமையன்று. அம்பேத்கர் இம்முறையை ஏற்கவில்லை. அது சுற்றிவளைத்த வழி, அரசியல் செல்வாக்குக்கும் இடந்தரும் என்றார். மந்திரிசபையின் விருப்பத்திற்கே விட்டுவிடும் ஆங்கில முறையும் அவருக்கு உடன்பாடன்று. தலைமை நீதிபதியின் சம்மதம் கட்டாயம் வேண்டுமென்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்த போக்கர் சாகிபு கேட்டதையும் அவர் மறுத்தார். தலைமை நீதிபதியும் குறைநிறைகள் உள்ள மனிதரே அல்லரோ! ஆதலின் ஜனாதிபதி நீதிபதிகளைக் கலந்தாலோசித்து நியமிப்பது என்று முடிவாயிற்று. பார்லிமெண்டுக்குக் கிடைத்தது நியமிக்கும் உரிமையன்று, நீக்கும் உரிமை மட்டுமே.

அவ்வுரிமை எத்தகையது? 1993 மே மாதம் லோக் சபையில் நீதிபதி வி. ராமசாமியை நீக்கும் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரித்தோர் 196 பேர். எதிர்த்து வாக்களித்தவர் ஒருவருமில்லை. எனினும் தீர்மானம் வீழ்ந்தது. மொத்த உறுப்பினரில் பாதிக்கு மேற்பட்டோர் ஆதரிக்க வேண்டும் என்பது விதி. 205 பேரோ எப்பக்கமும் வாக்களிக்காமல் இருந்துவிட்டனர்.

அவ்வாண்டு செப்டம்பர் 30-இல் தென்னார்க்காடு பிரிந்து, திண்டிவனத்தையும் உள்ளடக்கிய விழுப்புரம் மாவட்டம் தோன்றியது. ஆறு நாட்கள் கழித்து, அக்டோபர் 6-இல், ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, நியமனத்தில் தலைமை நீதிபதியின் கருத்தே முதன்மையானது என்று தீர்ப்பளித்தது. போக்கர் சாகிபு கேட்டுப் பெறாதது தீர்ப்பின் வழியே வந்து சேர்ந்தது. 1998 முதல் தலைமை நீதிபதியும் மூத்த நீதிபதிகள் நால்வரும் கூடிப் பெயர்களைப் பரிந்துரைக்கின்றனர். இதனை மாற்றப் பார்லிமெண்டு 2014-இல் அரசியல் சட்டத்தையே திருத்தியது. 2015 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அத்திருத்தத்தைச் செல்லாதென்றது.

ரட்லெட்ஜின் கதையை நினைத்தால் அம்பேத்கரின் அச்சம் நியாயமானதே. ஆயினும் ஷாவின் திருத்தம் நிறைவேறியிருந்தால், ஒருவரை ஏன் தேர்ந்தனர், மற்றொருவரை ஏன் விடுத்தனர் என்பது சபையிலே பேசப்பட்டு, நம் ஊர் உழவர் காதுக்கும் எட்டியிருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.